ஜிபிஎல் செயலியைப் பெயர் மாற்றி விற்கிறார்கள்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஆண்ட்ராய்டுக்கான தமிழ் விசைப்பலகை ஒன்றை ஏழெட்டு ஆண்டுகளாக ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தில் வெளியிட்டு வருகிறோம். நான் தொடங்கியது; இதுவரை 11 பேர் நிரல் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு நிறுவனம் இதையே வேறு பெயரில், விளம்பரம் சேர்த்து, மாதச் சந்தாவோடு பிளே ஸ்டோரில் போட்டிருப்பதைப் பார்த்தோம். எங்கள் பெயர் எங்கும் இல்லை. மூலநிரலும் தரவில்லை. எக்ஸ் தளத்தில் போட்டுக் கிழிக்கலாம் என்கிறார் ஒருவர். கூகுளிடம் சொல்லித் தூக்கவைக்கலாம் என்கிறார் இன்னொருவர். பேசாமல் மூலநிரலை மூடிவிடலாம் என்று எனக்கே தோன்றுகிறது. நான் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வழக்குக்குச் செலவழிக்கும் வசதி இல்லை. என்ன செய்யலாம்? (கோவை வாசகர்)

பதில்: பெயரை மாற்றியது, விளம்பரம் போட்டது, சந்தா வாங்குவது, மூலநிரல் தராதது, உங்கள் பெயரை எடுத்தது என்று உங்கள் கோபத்தில் ஐந்து விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதல் மூன்றுக்கும் ஜிபிஎல் அனுமதி தருகிறது. விற்கலாம், சந்தா வாங்கலாம், வேறு பெயர் வைக்கலாம். சொல்லப்போனால் உங்கள் பெயரிலேயே வெளியிட்டிருந்தால்தான் இன்னும் பெரிய தலைவலி. கடிதத்தில் "எங்கள் உழைப்பை விற்றுக் காசு பார்க்கிறீர்கள்" என்று ஒரு வரி எழுதினாலே போதும், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

மீறல் கடைசி இரண்டில்தான். ஜிபிஎல் 3-இன் 4, 5, 6 ஆகிய பிரிவுகளை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பதிப்புரிமை அறிவிப்புகளை அப்படியே வைத்திருக்க வேண்டும். உரிமத்தின் நகல் கூடவே போக வேண்டும். மாற்றம் செய்திருந்தால் மாற்றியதாகவும் எந்தத் தேதியில் என்றும் சொல்ல வேண்டும். செயலி முழுவதும் ஜிபிஎல்லின் கீழ்தான் போக வேண்டும். இயங்கும் கோப்பை இணையத்தில் இறக்கித் தருகிறவர், அதற்குரிய மூலநிரலையும் அதே வசதியோடு, கூடுதல் காசு வாங்காமல் தர வேண்டும். வேறு சர்வரில் வைத்திருந்தால், எங்கே இருக்கிறது என்பதைச் செயலிக்குப் பக்கத்திலேயே தெளிவாகக் காட்ட வேண்டும். "கேட்டு எழுதினால் அனுப்புகிறோம்" என்ற எழுத்துமூல வாக்குறுதி, பெட்டியில் வைத்து விற்கும் பொருளுக்கான ஏற்பாடு. பிளே ஸ்டோர் செயலிக்கு அது செல்லாது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மூலநிரல் கிடைக்க வேண்டியது அந்தச் செயலியைப் பெற்றவருக்கு. நிரலை எழுதியவர் என்பதாலேயே உங்களுக்குத் தனியாக அனுப்ப வேண்டும் என்ற கடமை அவர்களுக்கு இல்லை. ஆகவே குழுவில் ஒருவர் செயலியை முறையாக இறக்கிக்கொள்ளட்டும். ஒரு மாதச் சந்தாவும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். நிரலுக்குச் சொந்தக்காரர், பயனர் என்ற இரண்டு தகுதியும் அப்போது உங்கள் பக்கம் இருக்கும்.

விளம்பரத்தில் ஒரு நுணுக்கம். விளம்பரம் காட்டுவது தவறில்லை என்றேன். ஆனால் அதற்காக மூலநிரல் மூடிய விளம்பர எஸ்டிகே (பிறர் தரும் நிரல் தொகுப்பு) ஒன்றைச் செயலிக்குள் இணைத்திருந்தால் கதை வேறு. அந்த எஸ்டிகேயும் உங்கள் நிரலும் ஒரே ஏபிகேக்குள் (செயலியின் நிறுவல் கோப்பு) ஒன்றாக இயங்குகின்றன. முழுவதும் ஜிபிஎல்லின் கீழ் வர வேண்டும் என்ற நிபந்தனையோடு அது மோதுகிறது. நிறுவனம் அந்த எஸ்டிகேயை எடுத்தாக வேண்டும், இல்லையேல் உரிமையாளர்கள் எல்லோரிடமும் எழுத்தில் தனி அனுமதி வாங்க வேண்டும். அவர்களுக்கு உண்மையிலேயே வலிக்கப்போகிற இடம் இதுதான். இதைக் கடிதத்தில் முதலில் போட வேண்டாம். அதேபோல, சொற்பரிந்துரையை அவர்கள் தங்கள் சர்வரில் இயக்கினால் அந்த சர்வர் நிரலை ஜிபிஎல் தொடாது. அதைத் தொட, சர்வரில் ஓடும் நிரலுக்கும் பொருந்தும் ஏஜிபிஎல் உரிமம் வேண்டும்.

அடுத்து ஆதாரம். கடிதம் அனுப்புவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் கடிதம் போன மறுநாளே புதிய பதிப்பு ஏறி பழையது காணாமல் போகும். செயலியை இறக்கிய போனிலிருந்து, போனைக் கணினியோடு இணைக்கும் ஏடிபி கருவி வழியாக ஏபிகேயை எடுங்கள். இப்போதெல்லாம் ஒரே கோப்பாக இருக்காது. அடிப்படை ஏபிகே, திரை அடர்த்திக்கு ஒன்று, புராசசர் வகைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று எனப் பிரிந்திருக்கும். பாதைகளைக் காட்டும் பிஎம் பாத் கட்டளை எத்தனை வரி கொடுக்கிறதோ அத்தனையையும் இழுத்து வையுங்கள். அடிப்படைக் கோப்பை மட்டும் எடுத்துவிட்டு சி++ நூலகம் இருக்கும் கோப்பை விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (கோப்பின் கைரேகை போன்ற மதிப்பு) எடுத்து ஓர் உரைக் கோப்பில் போடுங்கள். ஏபிகேசைனர் கருவியால் கையொப்பச் சான்றிதழின் விவரத்தையும் பதிவு செய்யுங்கள்; இந்தக் கோப்பு அந்த நிறுவனத்தின் செயலிதான் என்பதற்கு அதுவே சாட்சி. பிளே ஸ்டோர் பக்கத்தை தேதி தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்து, வேபேக் மெஷினிலும் சேமித்துவிடுங்கள்.

ஹேஷ் எதற்கு என்று கேட்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் ஆவணத்தை வைப்பவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். இரண்டிலும் ஹேஷ் மதிப்பைக் கேட்டிருக்கிறார்கள். வழக்கு வரை போகாவிட்டாலும் இந்த ஒழுங்கில் வைத்திருப்பது நல்லது.

ஒப்பீட்டுக்கு, ஏபிகேயைப் பிரித்துக் காட்டும் ஜாட்எக்ஸ், ஏபிகேடூல் கருவிகள் இரண்டும் போதும். பிரித்துப் பார்த்ததும் வகுப்புகளின் பெயரெல்லாம் ஏ, பி, சி என்று மாறியிருப்பதைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள். நிரலைச் செயலியாக்கி பில்ட் செய்யும்போது ஆர்8 கருவி பெயர்களைச் சுருக்குகிறது; கருத்துரைகளும் போய்விடும். போகாதவை எவை என்று பாருங்கள். நிரலுக்குள் எழுதிய உரை மாறிலிகள் அப்படியே இருக்கும். அசெட்ஸ் அடைவில் இருக்கும் அகராதிக் கோப்பு ஒரு பைட்கூட மாறாமல் இருக்கும். உங்கள் மூலநிரல் களஞ்சியத்தில் உள்ள கோப்பின் ஹேஷும் அதன் ஹேஷும் ஒன்றாக இருந்தால் அந்தக் கோப்பைப் பற்றி மேற்கொண்டு வாதமே வேண்டாம். சி++ பகுதி இருந்தால் அதன் நூலகமான எஸ்ஓ கோப்பின் வெளிப்படைக் குறியீடுகளைப் பட்டியலிடுங்கள். ஜாவாவிலிருந்து நேரடியாக அழைக்கப்படும் சார்பின் பெயருக்குள் உங்கள் பொதியின் முழுப்பெயரும் ஒட்டியிருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் இரண்டு பக்கமும் திருத்தி மறுபடி பில்ட் செய்ய வேண்டும். நகலெடுப்பவர்களில் பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் உங்கள் பிழைகள். அகராதியில் யாரோ "ற்" வர வேண்டிய இடத்தில் "ர்" போட்டு வைத்த ஒரு சொல், தவறான பட்டியல் வரிசை, எங்கும் பயன்படாமல் கிடக்கும் ஒரு மாறிலி. ஒரே மாதிரி சரியாக எழுதுவது இருவருக்கும் தற்செயலாக அமையலாம். ஒரே இடத்தில் ஒரே தப்பு அமையாது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு பிழைகளை, எந்தக் கமிட்டில் (களஞ்சியத்தில் பதிந்த மாற்றம்) எந்தத் தேதியில் உங்கள் களஞ்சியத்துக்குள் வந்தன என்ற விவரத்தோடு அட்டவணை போடுங்கள்.

இப்போது கழித்தல் கணக்கு. இதைச் செய்யாமல் போனால் அட்டவணை முழுவதும் பயனற்றுப்போகும். ஆண்ட்ராய்டு விசைப்பலகைகளில் பல, ஆண்ட்ராய்டின் சொந்த லேட்டின்ஐஎம்ஈ நிரலிலிருந்து கிளைத்தவை. அது அப்பாச்சி 2 உரிமத்தில் இருக்கிறது. உங்களுடையதும் அப்படியென்றால், இரண்டிலும் பொதுவாகத் தெரியும் நிரலில் பெரும்பகுதி உங்களுடையதே அல்ல. ஆண்ட்ராய்டு எக்ஸ் போன்ற பொது நூலகங்களும் அவ்வாறே. தமிழ்99 விசையமைப்பு 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தரம். அது ஒத்துப்போவதால் எதுவும் நிரூபணமாகாது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் வழக்கு. பெரும்பாலும் சொல்திருத்தம், அகராதி, ஒலிபெயர்ப்பு விதிகள் ஆகியவை மிஞ்சும். அது போதும்.

அவர்கள் எந்தப் பதிப்பை எடுத்தார்கள் என்பதையும் கண்டுபிடியுங்கள். திட்டத்தின் தொடக்கக் காலத்தில் எம்ஐடி உரிமத்தில் வெளியிட்டுவிட்டுப் பிறகு ஜிபிஎல்லுக்கு மாறியிருந்தால், அவர்கள் எடுத்தது பழைய பதிப்பு என்றால், அவர்கள் செய்ய வேண்டியது பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் சேர்ப்பது மட்டுமே. மூலநிரல் கேட்க வழியில்லை.

பிறகு உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். கடிதம் போனதும் அவர்களின் வழக்கறிஞர் முதலில் தோண்டுவது இதைத்தான்.

இந்த நிரல் யாருடையது? 11 பேரும் அவரவர் எழுதிய பகுதிக்கு உரிமையாளர்கள். தொடங்கியவர் என்பதால் எல்லாம் உங்களுடையதாகிவிடாது. நல்ல செய்தி என்னவென்றால், மீறலைக் கேள்வி கேட்க 11 பேரும் வேண்டாம். தன் பகுதிக்காக ஒருவரே கேட்கலாம். கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் எழுதியவரைக் காட்டும் கட்டளை) போட்டு யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் இடைவெளி மாற்றங்களையும் நகர்த்திய வரிகளையும் புறக்கணிக்கும் தெரிவுகளோடு போடுங்கள். இல்லாவிட்டால் நிரலை வெறுமனே அடுக்கி அழகுபடுத்தியவர் பெயரில் பாதித் திட்டம் வந்து நிற்கும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் ஐடி கம்பெனி ஊழியர். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 17(சி) பிரிவுப்படி, வேலையின் பகுதியாக எழுதியதற்கு, மாறான ஒப்பந்தம் இல்லாத வரை, முதல் உரிமையாளர் முதலாளி. விசைப்பலகை எழுதுவது உங்கள் வேலை இல்லைதான். ஆனால் பல நியமனக் கடிதங்களில் "பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கே" என்ற வரி இருக்கும். ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் மின்னஞ்சலில் கமிட் செய்திருந்தால் சிக்கல் இன்னும் இறுகும். கமிட் பதிவுகளில் எந்த மின்னஞ்சல் முகவரி இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சந்தேகம் இருந்தால், அப்படிச் சிக்கல் இல்லாத ஒரு மாணவரோ தனித்தொழில் செய்பவரோ எழுதிய பகுதியை முன்னிறுத்தி, அவர் பெயரில் கடிதம் போகட்டும்.

எல்லோரிடமும் உரிமையை எழுதி வாங்கி ஒரே பெயரில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். வாங்கினால் ஒழுங்காக வாங்க வேண்டும். 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுப் படிவத்தை அப்படியே நகலெடுத்துக் கையெழுத்து வாங்கும் திட்டங்கள் இதைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால், உங்கள் அளவுள்ள குழுவுக்கு உரிமை மாற்றமே தேவையில்லை. லினக்ஸ் கெர்னல் 2004 முதல் பயன்படுத்தும் முறை போதும்: "இது என் நிரல், தர எனக்கு உரிமை உண்டு" என்று ஒவ்வொரு கமிட்டிலும் பங்களிப்பவர் தன் பெயரில் ஒப்புதல் வரி சேர்ப்பது. கிட்டில் அதற்கு ஒரே ஓர் எழுத்துத் தெரிவுதான்.

உங்கள் செயலிக்குள் இருக்கும் பிறர் பொருட்களையும் சரிபாருங்கள். அகராதியை விக்சனரியிலிருந்து எடுத்திருந்தால், அது கிரியேட்டிவ் காமன்ஸின் பெயர்குறிப்பிட்டு-அவ்வாறே-பகிரும் உரிமத்தில் வருவது. நீங்கள் அதைக் குறிப்பிட்டிருக்கிறீர்களா? எழுத்துருவுக்கு உரிமக் கோப்பு இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே சேர்த்துவிடுங்கள். ஒருவரை உரிம மீறலுக்குக் கேட்கும் கடிதத்தை உரிமம் மீறிய களஞ்சியத்திலிருந்து அனுப்பக் கூடாது.

இவ்வளவும் முடிந்தபின் கடிதம். தனிப்பட்ட கடிதமாக, எக்ஸ் பதிவாக அல்ல. பிளே ஸ்டோர் பக்கத்தில் உள்ள மின்னஞ்சலுக்கு ஒன்று, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும் பதிவு அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் ஒன்று. போய்ச் சேர்ந்த தேதியைப் பதிவிறக்கி வையுங்கள். அந்தத் தேதியில்தான் எல்லாமே இருக்கிறது. ஜிபிஎல் 3-இன் 8ஆம் பிரிவு, மீறியவரின் உரிமை முடிந்துபோகும் என்று சொல்லிவிட்டு, திரும்பும் வழியையும் வைத்திருக்கிறது: ஒரு பதிப்புரிமையாளரிடமிருந்து முதல்முறையாக இப்படி அறிவிப்பு பெறுகிறவர், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை நிரந்தரமாகத் திரும்பிவிடும். ஜிபிஎல் 2-இல் இந்த வழி இல்லை. அதனால்தான் 2017இல் லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களும், பிறகு ரெட் ஹேட், ஐபிஎம், கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களும் தாங்களாகவே அந்த அவகாசத்தை ஜிபிஎல் 2 நிரலுக்கும் தருவதாக அறிவித்தார்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஆங்கிலத்தில் போகட்டும், சாரம் இப்படி இருக்கலாம்:

"தங்கள் செயலியின் இன்ன பதிப்பில் எங்கள் திட்டத்தின் நிரல் இருப்பதைக் கண்டோம். இணைப்பில் மூன்று எடுத்துக்காட்டுகள் உள்ளன. இந்நிரல் ஜிபிஎல் 3 உரிமத்தில் வெளியானது. வணிகமாக விற்க அது தடை சொல்லவில்லை. ஆனால் பதிப்புரிமை அறிவிப்பும், உரிமத்தின் நகலும், இப்பதிப்பை உருவாக்கத் தேவையான முழு மூலநிரலும் பில்ட் ஸ்கிரிப்டுகளும் பயனர்களுக்குக் கிடைக்க வேண்டும். உரிமத்தின் 8ஆம் பிரிவு தரும் 30 நாளுக்குள் இதைச் சரிசெய்யக் கோருகிறோம். தொழில்நுட்ப ஐயம் இருந்தால் நேரடியாகப் பேசலாம்."

எடுத்துக்காட்டு மூன்று போதும். 12 பிழை அட்டவணையை முழுவதும் கொடுத்தால், அடுத்த பதிப்பில் அந்த 12ஐயும் திருத்திவிடுவார்கள். பணம் கேட்காதீர்கள். "கிரிமினல் கேஸ் போடுவோம்" என்ற சொல்லும் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுத்தவர் மேல் மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்க இடம் தருகிறது. செயலியின் கையொப்பச் சாவியையும் கேட்க வேண்டாம். மாற்றிய நிரலைக் கருவியில் ஏற்றுவதற்கான தகவலைத் தர வேண்டும் என்ற விதி, நிரலைச் சாதனத்தோடு சேர்த்து விற்பவருக்கானது. கேட்க உரிமையில்லாத ஒன்றைக் கேட்டால் மற்ற நான்கின் மதிப்பும் குறையும்.

பொதுவெளியில் முதலில் கிழிப்பதை ஏன் தடுக்கிறேன் என்றால், அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தில் பேசுகிறவர் பொறியாளராக இருக்க மாட்டார். வழக்கறிஞரும் மக்கள் தொடர்பு அதிகாரியும்தான் பேசுவார்கள். இப்படிப்பட்ட மீறல்கள் பலவற்றில் நிறுவனத்தின் மேலிடத்துக்கு விஷயமே தெரியாது. வெளியில் காண்ட்ராக்ட் விட்ட யாரோ கிட்ஹப்பிலிருந்து எடுத்துக் கட்டிக் கொடுத்திருப்பார். சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சியும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் 2015இல் வெளியிட்ட அமலாக்கக் கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன: உரிமத்துக்கு இணங்க வைப்பதுதான் நோக்கம், வழக்கு கடைசி வழி, காசு முதல் குறி ஆகக் கூடாது. இதற்கு எதிராகப் போன ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு கெர்னல் பங்களிப்பாளர் ஜிபிஎல் மீறல்களைப் பிடித்துப் பணம் கறக்கிறார் என்ற புகார்கள் எழுந்து, 2016இல் அவர் இருந்த நெட்ஃபில்டர் குழு அவரை இடைநீக்கம் செய்தது. அவரால் கிடைத்த பெயர் ஜிபிஎல்லுக்கே கெட்ட பெயர்.

பொறுமையாகப் போனால் என்ன கிடைக்கும்? 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்தது. அழுத்தத்துக்குப் பிறகு மூலநிரல் வெளியானது. அதிலிருந்து கிளைத்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றும் ஏராளமான ரவுட்டர்களை உயிரோடு வைத்திருக்கிறது. நஷ்டஈடாக எவ்வளவு வாங்கியிருந்தாலும் இது கிடைத்திருக்காது.

30 நாளுக்குள் அவர்கள் ஒரு ஜிப் கோப்பு அனுப்புவார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஜிப் பெரும்பாலும் அரைகுறையாகவே வரும். அது அவர்கள் வெளியிட்ட பதிப்பாக இருக்காது. பழைய கிளையாக இருக்கும். அல்லது பில்டுக்கான கிரேடில் கோப்புகள் இருக்காது. அல்லது ஏதோ ஓர் உள் நூலகம் இல்லாமல் பில்ட் நின்றுவிடும். ஆகவே வந்ததும் நன்றி சொல்லி அறிவித்துவிடாமல், புதிதாக நிறுவிய ஒரு கணினியில் அல்லது டாக்கர் என்ற தனிச் சூழலில், அவர்கள் கொடுத்த குறிப்பை மட்டும் வைத்து பில்ட் செய்து பாருங்கள். பதிப்பு எண் பொருந்த வேண்டும். அசெட்ஸ் கோப்புகளின் ஹேஷ் பொருந்த வேண்டும். நீங்கள் உருவாக்கிய ஏபிகேயையும் பிளே ஸ்டோர் ஏபிகேயையும் டிஃபோஸ்கோப் என்ற கருவியில் ஒப்பிடுங்கள். கையொப்பம் வேறுபடும், ஆர்8 பதிப்பைப் பொறுத்து, தொகுத்த நிரல் இருக்கும் டெக்ஸ் கோப்பிலும் சிறு வேறுபாடு வரலாம். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். ஒரு திரையோ ஒரு முழு வசதியோ காணாமல் இருந்தால்தான் மூலநிரல் முழுமையில்லை என்று பொருள். எந்தக் கோப்பு இல்லை என்று குறிப்பாக எழுதிக் கேளுங்கள்.

ஜிப்புக்குப் பதிலாக "செயலியை எடுத்துவிடுகிறோம்" என்று பதில் வரலாம். மேற்கொண்டு வழங்குவதை நிறுத்தினாலே மீறல் முடிந்துவிடுகிறது. ஏற்கெனவே இறக்கியவர்களுக்கு மூலநிரல் தர வேண்டியது மட்டும் பாக்கி. "தனி வணிக உரிமம் கொடுங்கள், காசு தருகிறோம்" என்றும் கேட்கலாம். 11 பேரும் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்கள் தலையாட்டவே முடியாது. ஒருவர் வேண்டாம் என்றால் அவர் எழுதியதை நீக்கி மறுபடி எழுத வேண்டும்.

பதிலே இல்லை, 30 நாளும் போய்விட்டது என்றால் கூகுளின் சட்டவழி நீக்கல் படிவம். அதில் நீங்களே பதிப்புரிமையாளர் என்று உறுதிமொழி தருகிறீர்கள். பொய்யானால் அமெரிக்கச் சட்டப்படி பொறுப்பு உண்டு. எதிர்த்தரப்பு மறுப்பு மனு கொடுத்தால், 10 முதல் 14 வேலை நாளில் நீங்கள் வழக்குத் தொடுத்திருக்காவிட்டால் செயலி திரும்பிவிடும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் இதற்கு ஈடு உண்டு: 52(1)(சி) பிரிவும் 2013 பதிப்புரிமை விதிகளில் 75ஆம் விதியும் சேர்ந்து, புகார் பெற்ற இடைத்தரகர் (கூகுள் போன்ற தளம்) 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் திரும்பத் திறந்துகொள்ளலாம் என்கின்றன. நீக்கல் புகாரை முதல் ஆயுதமாக எடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். செயலி போய்விடும், மூலநிரல் வராது, மூன்று வாரத்தில் செயலி திரும்பவும் வரும்.

வழக்கு என்று வந்தால் பயப்படுமளவுக்கு இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்க விடுகிறது. அவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வந்தால், அவசரத் தடையுத்தரவு கேட்காத வரை முதலில் சமரசத்துக்குப் போக வேண்டும். உங்கள் நோக்கத்துக்கு அதுவே உகந்த இடம். திறந்த மூல உரிமம் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற பழைய கேள்விக்கு 2004இல் மியூனிக் நீதிமன்றமும், 2008இல் மாதிரி ரயில் மென்பொருள் வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிற்கும் என்று பதில் சொல்லியாயிற்று. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் சிறைத்தண்டனை வரை இடமுண்டு. ஆனால் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்ல மாட்டேன். மூலநிரல் வேண்டும் என்பவருக்கு எஃப்ஐஆர் உதவாது. வழக்கறிஞர் செலவுக்கு முன் டில்லியில் உள்ள எஸ்எஃப்எல்சி அமைப்புக்கு எழுதிப் பாருங்கள். டிஜிட்டல் உரிமைகளுக்காக வேலை செய்யும் சட்ட அமைப்பு அது.

பதிவு செய்யவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை வந்துவிடும். ஆனாலும் 48ஆம் பிரிவுப்படி பதிவேடு முதல்நிலைச் சான்று என்பதால் 500 ரூபாய் கட்டி 14ஆம் படிவத்தில் பதிந்துவிடுவது லாபம். மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கேட்பார்கள், கறுப்படிக்காமல். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருக்க வேண்டும்.

மூடிவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூடினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே வெளியானது ஜிபிஎல்லிலேயே இருக்கும். திரும்பப் பெற முடியாது. உரிமத்தை மாற்ற 11 பேர் சம்மதமும் வேண்டும். அடிபடப்போவது நாளைக்குப் பிழை திருத்தி அனுப்பவிருந்த பன்னிரண்டாவது ஆள் மட்டும்தான். அதற்குப் பதில் வேலியைச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் பதிப்புரிமை வரியும் எஸ்பிடிஎக்ஸ் உரிமக் குறியும் இருக்கட்டும். ரீயூஸ் கருவி விட்டுப்போனதைக் காட்டிக்கொடுக்கும். செயலிக்குள் "பற்றி" திரையில் பதிப்புரிமை, உரிமம், உத்தரவாதமின்மை மூன்றையும் காட்டுங்கள். மூலச் செயலியின் திரையில் இந்த அறிவிப்பு இருந்தால், மாற்றி வெளியிடுபவரும் தன் திரையில் காட்டியாக வேண்டும். உங்களிடமே இல்லையென்றால் அவருக்கும் கட்டாயமில்லை. கட்டற்ற செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் இடம்பெறச் செய்யுங்கள். அங்கே மூலநிரலிலிருந்தே பில்ட் ஆவதால், எந்தத் தேதியில் எது உங்களுடையது என்பதற்கு வெளிச்சாட்சி கிடைக்கும். செயலியின் பெயரை 9ஆம் வகுப்பில் (மென்பொருள் வரும் பிரிவு) வணிகச் சின்னமாகப் பதியத் தனிநபருக்கு இணையவழியில் 4,500 ரூபாய். ஜிபிஎல் நிரலைத் தருகிறது, பெயரைத் தருவதில்லை.

இந்தச் செலவுகளுக்கும் சர்வருக்கும் காசு வேண்டுமென்றால், ஜெரோதா நிறுவனம் 2024இல் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்டைப் பாருங்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி உலகெங்கும் உள்ள திட்டங்களுக்குத் தருகிறார்கள். விண்ணப்பிக்க, திட்ட விவரமும் தேவைப்படும் தொகையும் எழுதிய ஒரு ஜேசன் கோப்பைக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையே 10,000 டாலர் என்பதால் உங்கள் திட்டத்துக்கு உடனே கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. விஷயம் வெளியே தெரிந்ததும் உதவிக்கு வருகிறேன் என்று முன்பின் அறியாதவர்கள் வருவார்கள். நல்லவர்களே அதிகம். ஆனாலும் கமிட் அதிகாரத்தையும் கையொப்பச் சாவியையும் அவசரத்தில் யாரிடமும் தராதீர்கள். எக்ஸ்இசட் சுருக்க நூலகத்தில் சோர்ந்துபோயிருந்த ஒற்றைப் பராமரிப்பாளரை நெருக்கி, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல பிள்ளையாக நிரல் கொடுத்து, பராமரிப்பாளராகவே ஆகி, கடைசியில் பின்கதவு வைத்தார் ஒருவர். 2024 மார்ச்சில் ஒரு பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிப் பார்த்ததால்தான் அது வெளியே வந்தது. விசைப்பலகை என்பது பயனர் தட்டும் கடவுச்சொல் எல்லாம் கடந்துபோகும் இடம். பல ஆண்டாகத் தெரிந்த இருவரிடம் சாவி இருந்தால் போதும்.

எல்லாம் சுமுகமாக முடிந்து, பில்ட் ஆகும் மூலநிரல் கைக்கு வந்தால் அதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். அவர்கள் மாற்றியதையும் உங்கள் கிளையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சம்பளம் வாங்கும் பொறியாளர்கள் சில பிழைகளையாவது திருத்தியிருப்பார்கள். அவையும் ஜிபிஎல் 3-இல்தான் வருகின்றன, எடுத்து இணைக்கலாம். அந்தக் கமிட்டில் அவர்களின் பதிப்புரிமை வரியை விட்டுவிடாமல் சேர்த்துவிடுங்கள்.